கடைசி பெஞ்சுப் பாசிக்கும் வெயில் வேண்டும்!



பாசி என்றதும் குளத்துப் படியில் வழுக்கி விழுந்ததுதான் உங்களுக்கு நினைவுக்கு வரும். ஆனால், பசி தீர்க்கும் பாசியும் உண்டு. அதன் பெயர் சுருள்பாசி. ஸ்பைருலினா என்றும் சொல்வார்கள். உலர்ந்த சுருள்பாசியில் ஏறக்குறைய 60 சதவீதம் புரதம்தான்! 1990களின் தொடக்கத்தில், சென்னை முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையம், புதுக்கோட்டைப் பகுதியின் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு இதைக் கொடுத்து ஆய்வு செய்தது. நம் மதுரையிலும் இதைத் தொட்டிகளில் வளர்த்திருக்கிறார்கள்.

"மதுரையில் வெயிலுக்கா பஞ்சம்? பாசி தானாக வளராதா?" என்று கேட்பீர்கள். வெயில் மட்டும் போதாது, பிள்ளைகளே!

பாசி பெருகப் பெருகத் தண்ணீர் கரும்பச்சையாகிவிடும். மேலே மிதக்கும் பாசி அளவுக்கு மீறி வெயிலைக் குடித்து, பச்சையம் பழுதாகி வெளுத்துப்போகும். அடியில் இருப்பதற்கோ வெளிச்சமே எட்டாது. ஒரே தொட்டியில் ஒன்றுக்கு அஜீரணம், மற்றொன்றுக்குப் பட்டினி!

இதற்கு என்ன வழி? தண்ணீர் ஒரு சாண் ஆழம் இருந்தால் போதும். அதை அடிக்கடி கலக்கிவிட வேண்டும். அப்போது எல்லாப் பாசியும் முறைபோட்டு மேலே வந்து வெயில் வாங்கிச் செல்லும். உச்சி வெயிலில் நிழல்வலை கட்ட வேண்டும். பிறகு துணியில் வடிகட்டி, கழுவி, இடியாப்பம்போல் பிழிந்து காயவைப்பார்கள்.

போட்டோ பயோரியாக்டர் என்ற மூடிய கண்ணாடிக் குழாய்களில் பாசி வளர்ப்பதும் உண்டு. தூசியும் வேறு பாசியும் எளிதில் உள்ளே புகாது. ஆனால் விலை அதிகம். வெயிலில் குழாய் சூடேறினால் குளிர்விக்கவும் செலவாகும். சில பாசிகளுக்கு அது தேவைதான். சுருள்பாசியோ சோடா உப்புக் கரைத்த காரத் தண்ணீரில் வளர்வது. அந்தத் தண்ணீரில் மற்ற பாசிகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. எனவே நம் ஊருக்குத் திறந்த தொட்டியும் கலக்கும் கையுமே போதும் என்பது என் கருத்து.

ஒவ்வொரு பள்ளியிலும் ஆசிரியர் துணையோடு ஒரு சிறு தொட்டி வைக்கலாம். அது பார்த்துப் படிக்க மட்டுமே! சுத்தமாகத் தயாரித்துச் சோதித்த சுருள்பாசியைத்தான் உண்ணலாம். குளத்துப் பாசியை வாயில் வைக்கவே கூடாது. சிலவற்றில் நஞ்சு உண்டு.

தொட்டி கற்றுத்தரும் பாடம் இன்னொன்றும் இருக்கிறது. முன் பெஞ்சில் எப்போதும் அதே நால்வர் உட்காரலாமா? வகுப்பையும் அவ்வப்போது கலக்கிவிடுங்கள். கடைசி பெஞ்சுக்கும் வெளிச்சம் கிடைக்கட்டும்!