அழுகையும் பசியும்

திருவண்ணாமலையில் பௌர்ணமியிரவு ஜனத்திரளோடு மலையை வலம் வந்தவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். 14 கிலோமீட்டர் பாதையில் பாதி கடப்பதற்குள் குழந்தைக்குக் கால் வலிக்கிறது, தூக்கம் வருகிறது, கூட்டத்தைக் கண்டு மிரண்டு அழுகிறது. தகப்பனார் பஞ்சுமிட்டாய் ஒன்றை வாங்கிக் கையில் கொடுக்கிறார். அழுகை நின்றுவிடுகிறது. சற்று முன்புதான் அன்னதானத்தில் வயிறு நிறைய உண்ட குழந்தை அது என்பதை எவரும் நினைப்பதில்லை. இதில் குற்றமென்ன என்று நேயர்கள் கேட்கலாம். திருநாளில் ஒரு முறையென்றால் குற்றமில்லை. வீட்டிலும் தினந்தோறும் இதுவே முறையாகிவிட்டதனால்தான் நாம் எழுத நேர்ந்தது.

அச்சமும் துக்கமும் மேலிடும்போது பசி மந்திப்பதே சரீரத்தின் இயல்பு. அப்படியிருக்க, மனம் நொந்தவுடன் தின்பண்டத்தைத் தேடும் வழக்கம் எங்கிருந்து வருகிறது? வம்ச குணமென்று சொல்லித் தப்ப இடமில்லை. 2007-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த இரட்டைக் குழந்தைகளைக் கவனித்துவந்த ஆராய்ச்சியாளர்கள், இவ்வழக்கத்துக்குப் பிறவியைவிட வீட்டுச் சூழ்நிலையே பெருங்காரணமென்று 2018-இல் தெரிவித்தனர். நார்வேயின் டிராண்ட்ஹைம் நகரத்தில் சுமார் 800 குழந்தைகளை 4 வயது முதல் 10 வயது வரை பரிசீலித்ததில், உணவு கொடுத்துச் சமாதானம் செய்யப்பட்டவர்களே பின்னர் இதற்கு அதிகம் ஆளானது தெரியவந்தது. எளிதில் அடங்காத குழந்தைக்கே பெற்றோர் அதிகமாகத் தின்னக் கொடுத்தனர் என்பதும் அதில் கண்டது. ஆகவே தாயை மாத்திரம் குறை கூறுவது அநியாயம்.

இதன் காரணத்தை ஹில்டே புருக் என்ற வைத்தியர் சென்ற நூற்றாண்டிலேயே விளக்கியிருக்கிறார். குளிருக்கும் பயத்துக்கும் தனிமைக்கும் ஒரே விடையாக உணவு வந்தால், இது பசி, இது வேறு என்று பகுத்தறியக் குழந்தை கற்றுக்கொள்வதேயில்லை. வளர்ந்த பின் பரீட்சையில் தவறினாலும் அவன் கை பலகாரத் தட்டுக்கே போகிறது.

2019-21 கணக்கெடுப்பின்படி நமது மாகாணத்து வயதுவந்த பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அளவுக்கு மீறிய எடையுள்ளவர்கள். இதற்குக் காரணங்கள் பல. பால்யத்தில் படிந்த வழக்கமும் அவற்றுள் சேரும். பசித்த பிள்ளைக்குச் சோறிடுவதை நாம் குறை கூறுவதாக எவரும் மயங்கவேண்டாம். 1982-இல் விரிந்த சத்துணவும், 2022-இல் வந்த காலைச் சிற்றுண்டியும் பசிக்கு இட்ட உணவு. நாம் பேசுவது பசியில்லாத வாயை அடைக்கும் உணவைப் பற்றி.

பொதுக்காரியங்களில் உழைக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டம் முடிந்து இரவு வெகுநேரம் கழித்து வீடு திரும்பும்போது, நாள் முழுதும் முகம் காணாத குறைக்கு ஈடாக இனிப்புப் பொட்டலம் வாங்கிச் செல்கிறோம். குழந்தை கேட்டது தகப்பனை, கிடைத்தது ஜிலேபி. இவ்விஷயத்தில் நாமும் குற்றவாளிகளே.

இதைப் படித்துவிட்டு நாளை முதல் மிட்டாயை அடியோடு தடுப்பதும் பிசகு. தடுக்கப்பட்ட பண்டத்தின்மேலேயே குழந்தைகளின் நாட்டம் மிகுவதை அமெரிக்காவில் 1999-இல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். கிரிவலம் முடிந்ததும் எல்லோருமாக உட்கார்ந்து தின்னட்டும். பாதி வழியில் அழுதால் தோளில் தூக்கிக்கொண்டு, கால் வலிக்கிறதா, பயமாயிருக்கிறதா என்று கேட்கலாம். அதற்கு ஒரு நிமிஷம் ஆகும்.