விடுதிக்கு ஆசிரியர் திரும்பட்டும்

பேராதனைப் பல்கலைக்கழகத் துணைவேந்தருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களே,

இலங்கைப் பல்கலைக்கழகத்தை உருவாக்கியது 1942ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் ஏனைய வன்முறைகளையும் தடைசெய்தது 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். இலக்கம் ஒன்றாக அமைந்தது தற்செயல். முதலாவது சட்டம் கண்ட கனவு இரண்டாவது சட்டத்தை வேண்டிநிற்கும் நிலைக்கு வந்தது தற்செயலன்று. மாணவர் தங்கிப் படிப்பதற்கென்றே திட்டமிட்டுக் கட்டிய ஒரு வளாகத்தில், தங்குவதுதான் புதுமுக மாணவரின் முதல் அச்சம் என்றாகிவிட்டது. புதிய தண்டனை எதையும் கோரி இம்மடலை நான் எழுதவில்லை. தண்டனைகள் வேண்டிய மட்டும் சட்டத்தில் எழுதப்பட்டுள்ளன. ஆசிரியர் விடுதி வாழ்விலிருந்து விலகியதால் நேர்ந்த வெற்றிடத்தில்தான் பகிடிவதை மரபு என்ற பெயரில் வேர்விட்டது. அந்த வெற்றிடத்தை நிரப்பாமல் எந்தச் சட்டமும் பலிக்காது. நான் சொல்ல வருவது இதுதான்.

முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் கேம்பிரிட்ஜில் படித்தவர். ஹந்தானை மலையடிவாரத்தில், மகாவலிக் கரையில், ஏபர்குரொம்பியும் ஹொலிடேயும் வரைந்த திட்டத்தின்படி வளாகம் எழுந்து 1952இல் கொழும்பிலிருந்து மாணவர் இங்கு வந்தபோது, விரிவுரை மண்டபத்துக்கு நிகரான கல்விக்கூடமாகவே அவர் விடுதியைக் கருதினார். விடுதிகளுக்குச் சூட்டிய பெயர்களிலும் அந்த எண்ணம் தெரிகிறது. 1906இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கோரிக்கை இயக்கத்தில் முன்னின்ற பொன்னம்பலம் அருணாசலம், அவருடைய தமையனார் இராமநாதன், பல்கலைக்கழகக் கல்லூரியின் அதிபராயிருந்த மார்ஸ் ஆகியோர் இன்றும் விடுதிப் பெயர்களாக வாழ்கின்றனர். அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிப் பேசுவது என் நோக்கமல்ல. ஆங்கிலம் பேசிய ஒரு சிறு வகுப்பாருக்கே அந்த வாழ்வு வாய்த்தது; கிராமத்துப் பிள்ளைக்கு அதன் சாப்பாட்டு மேசை ஒழுங்கே ஓர் அவமானமாக இருந்திருக்கும். ஆயினும் அதில் காப்பாற்றி வைத்திருக்க வேண்டிய ஒன்று இருந்தது. மாணவர் வாழும் இடத்தில் ஆசிரியரும் வாழ்ந்தார்.

அந்த நெருக்கம் என்ன தந்தது என்பதற்குச் சான்று நம் கலை வரலாற்றிலேயே உண்டு. பேராசிரியர் சரச்சந்திரவின் சிங்கள நாடகமான ‘சிங்கபாகு’ 1961இல் மேடையேறியது இவ்வளாகத்தின் திறந்தவெளி அரங்கில். அதே அறுபதுகளில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்புக் கூத்து மரபை எடுத்துப் பேராதனைத் தமிழ் மாணவரைக் கொண்டே ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை அரங்கேற்றினார். ஈழத்துத் தமிழ் நாடகத்தின் திசையை மாற்றிய முயற்சி அது. பாடத்திட்டத்தின் மணிக்கணக்குக்குள் இவை பிறந்திருக்க முடியாது. மாலையும் இரவும் ஆசிரியரும் மாணவரும் ஒன்றாக இருந்து பழகிய ஒத்திகைகளில்தான் ஆட்டமும் தாளமும் கூடிவரும். தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகத்தின் மரபு எது என்று கேட்டால், எடுத்துக்காட்ட வேண்டியது இதைத்தான். ஆடை இப்படி இருக்க வேண்டும், இன்ன வழியால் நடக்கக்கூடாது, ஆங்கிலத்தில் பேசக்கூடாது என்று முதலாம் ஆண்டினருக்கு விதிக்கும் கட்டளைகளை ‘உபகலாசாரம்’ என்று பெருமையாகச் சொல்வோர், இந்த வளாகம் உண்மையில் எதைப் படைத்தது என்பதை மறந்துவிட்டார்கள்.

இலவசக் கல்வி கிராமங்களை எட்டியதும், 1960 முதல் கலைப்பீடக் கல்வி சிங்களத்திலும் தமிழிலும் நடந்ததும் நாட்டுக்குக் கிடைத்த பேறு. மாணவர் தொகை பெருகியது. அதற்கு ஏற்ப விடுதிகளோ, அங்கு வசிக்கும் ஆசிரியரோ பெருகவில்லை. காப்பாளர் பதவி, விரிவுரையாளர் ஒருவர் தம் வழக்கமான வேலைகளுக்கு மேலதிகமாகச் சுமக்கும் பொறுப்பாகச் சுருங்கியது. தட்டிக்கேட்க ஆளில்லாவிட்டால் தம்பி சண்டப்பிரசண்டன் என்பது நம்மவர் பழமொழி. 1975இல் பகிடிவதைக்குத் தப்ப ஒரு மாணவி மாடியிலிருந்து குதித்து, வாழ்நாள் முழுதும் நடக்க இயலாதவரானார். அது நடந்தது இராமநாதன் விடுதியில். யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கென்று கல்லூரி நிறுவிய மனிதரின் பெயர் தாங்கிய கட்டடத்தில். 1997இல் பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர், கட்டாய உடற்பயிற்சியால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். மறு ஆண்டு சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் பலவீனமானதல்ல. உடலுக்கோ உள்ளத்துக்கோ ஊறு செய்வதையும் அச்சமூட்டுவதையும் அது பகிடிவதை என்கிறது. அக்குற்றத்துக்கு இரண்டு ஆண்டு வரை கடூழியச் சிறை. பாலியல் தொல்லையோ கொடுங்காயமோ சேர்ந்தால் பத்து ஆண்டு வரை. இருந்தும் 2025 ஏப்ரலில் சப்ரகமுவ பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டதை அடுத்து, சட்டம் இருந்தும் ஏன் என்ற அதே கேள்வியை நாடு மீண்டும் கேட்டது. விடை கடினமானதல்ல. சட்டம் இயங்க ஒரு முறைப்பாட்டாளர் வேண்டும். முறைப்பாடு செய்த மாணவர் அன்றிரவும் அதே தாழ்வாரத்தில், அதே மூத்த மாணவரின் அறையைக் கடந்துதான் தூங்கப் போக வேண்டும். அக்கரையிலும் இதே பாடம்தான். 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பின் தமிழ்நாடு 1997இல் தடைச்சட்டம் இயற்றியது. சட்டம் மட்டும் போதாது என்று கண்டு, 2009இல் இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு புதுமுகத்தாருக்குத் தனித் தங்குமிடம், எந்நேரமும் இயங்கும் உதவித் தொலைபேசி என்று ஏற்பாடுகளின் பக்கம் திரும்பியது. அங்கும் சாவுகள் முற்றாக நிற்கவில்லை. தொலைபேசியை எடுக்கவும் துணிவு வேண்டும். பக்கத்து அறையில் ஆசிரியர் இருந்தால் கதவைத் தட்டினாலே போதும்.

ஆசிரியரை விடுதிக்கு அழைத்துப் பகிடிவதையை ஒழிப்பதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது சமத்துவம் பற்றியது. பணக்கார வீட்டுப் பிள்ளையையும் ஏழை வீட்டுப் பிள்ளையையும் ஒரே உடையில், ஒரே வரிசையில் நிறுத்தி வகுப்பு வேற்றுமையைப் பகிடிவதை அழிக்கிறது என்கிறார்கள். ஆங்கிலத்தைக் ‘கடுவ’, அதாவது வாள், என்று மாணவர் அழைத்ததன் பின்னால் உண்மையான காயம் இருக்கிறது; அதை நான் எள்ளி ஒதுக்கவில்லை. ஆனால் பகிடிவதையின் வெட்டு விழுவது யார் மேல் என்று பாருங்கள். வசதியுள்ளவர் கண்டியில் வாடகைக்கு அறை எடுத்து விலகிக்கொள்ளலாம். மகாபொல உதவித்தொகையையும் விடுதிக் கட்டிலையும் நம்பி வந்தவர் எங்கே போவார்? மறுக்கும் வசதி பணம் உள்ளவருக்கே வாய்க்குமென்றால், அந்தச் சமத்துவத்தின் விலையைக் கட்டுபவர் ஏழை. மேலும், மூத்தவர் இளையவரைத் தம் மொழிக்குழுவுக்குள்ளேயே பிடித்துவைக்கும்போது, தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் முதன்முதலாகச் சேர்ந்து வாழக் கிடைக்கும் அரிய மாதங்கள் வீணாகின்றன. ஆங்கிலம் அறியாமை தாழ்வென்றால், அதை ஈடுசெய்ய வழி விடுதியில் மாலை நேரத்து ஆங்கில வகுப்பு. ஆங்கிலம் பேசுபவருக்குத் தண்டனையல்ல.

இரண்டாவது மறுப்பு மாணவர் ஒன்றியங்களுடையது. ஒழுங்கு என்ற பெயரில் நிர்வாகம் விடுதிக்குள் நுழைவது மாணவர் இயக்கத்தை முறிக்கத்தான் என்பார்கள். 1971இலும் 1987–89இலும் இளைஞர் கிளர்ச்சிகளையும் அவற்றை ஒடுக்கியதையும் கண்ட நாட்டில் இந்த ஐயத்தை வெறும் சாக்கென்று தள்ளிவிட முடியாது. அதனால்தான் நான் கேட்பது பாதுகாப்பு ஊழியரையோ கண்காணிப்புக் கமராவையோ அல்ல, ஆசிரியரை. விடுதியில் வாழும் ஆசிரியருக்கு அரசியல் கூட்டங்களைப் பற்றி அறிக்கை கொடுக்கும் வேலை இருக்கக்கூடாது. அதை எழுத்திலேயே உறுதிசெய்யுங்கள். ஒன்றியத் தேர்தல்கள் தடையின்றி நடக்கட்டும். பயந்து வந்த உறுப்பினரைக் கொண்டு எந்த இயக்கமும் நெடுநாள் நிற்பதில்லை என்பதை ஒன்றியங்களும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

மூன்றாவது, நடைமுறை பற்றியது. குடும்பமுள்ள விரிவுரையாளர் யார் விடுதியில் வந்து வாழ்வார்? எல்லோரும் வர வேண்டியதில்லை. தற்காலிக விரிவுரையாளரும் ஆய்வு மாணவரும் வாடகைக்குத் தவிப்பவர்கள். அவர்களில் தகுந்தவருக்கு முதலாம் ஆண்டு விடுதிகளில் நல்ல வசிப்பிடம் கொடுத்து, அந்தப் பொறுப்பைப் பணிச்சுமைக் கணக்கிலும் பதவி உயர்விலும் சேர்த்துக்கொண்டால் ஆள் கிடைக்கும். மூத்த மாணவருக்கும் ஒரு மதிப்பான இடம் வேண்டும். கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் இன்று இரண்டாம் ஆண்டினர் ‘கல்லூரிப் பெற்றோர்’ என்ற பெயரில் புதியவரை வரவேற்று வழிகாட்டுகின்றனர். ஜெனிங்ஸ் படித்த ஊரிலிருந்து இதைக் கடன் வாங்கத் தயங்குவோருக்கு, அண்ணன், அக்கா என்ற சொற்கள் நம்மிடமே உண்டு. அவற்றுக்குரிய கடமையை மட்டும் மீட்டெடுத்தால் போதும்.

அடுத்த அணி மாணவர் வளாகத்துக்கு வரும் நாளுக்கு முன், குறைந்தது இரண்டு விடுதிகளிலாவது இதைத் தொடங்குங்கள். ஓராண்டு கழித்து முறைப்பாடுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம். துணிவு வந்தால் முறைப்பாடு முதலில் கூடவே செய்யும். முதலாம் ஆண்டில் படிப்பை விட்டு வீடு திரும்புவோர் எத்தனை பேர், விடுதியை விட்டு வெளியே அறை தேடுவோர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அந்தக் கணக்குகள் குறைந்தால், தங்கிப் படிக்க என்று கட்டிய இடத்தில் பிள்ளைகள் மீண்டும் தங்குகிறார்கள் என்று பொருள்.

பணிவன்புடன்,
உயர்கல்வியில் அக்கறையுள்ள ஒரு குடிமகன்