ஈயமும் மூளையும்

ஈயம் என்னும் சொல் தமிழில் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. ரஸம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது; மற்றொன்று காரீயம். இரண்டுக்கும் உறவு பெயரளவில்தான். குணத்தில் பசுவுக்கும் புலிக்கும் உள்ள தூரம். வெள்ளீயச் சொம்பைக் காலியாக அடுப்பில் ஏற்றினால் உருகிவிடும் என்பதை நம் இல்லத்தரசிகள் நன்கு அறிவார்கள். ஆனால் விலை மலிவை உத்தேசித்துக் காரீயம் கலந்து வார்த்த சொம்பாயிருந்தால், புளிப்புப் பட்டவுடன் அது சிறிது சிறிதாகக் கரைந்து ரஸத்தில் கலந்துவிடும். ருசியைக் கொண்டு அதைக் கண்டுபிடிக்க முடியாது.

இந்த வாரம் காரீயத்தைப் பற்றியே எழுத விரும்புகிறோம். பரீட்சைக் காலம் நெருங்கினால், "மூளைக்கு எது நல்ல ஆகாரம்?" என்று பெற்றோர் பலர் நம்மைக் கேட்பதுண்டு. வல்லாரை, வெண்டைக்காய், பாதாம் பருப்பு என்று ஒரு ஜாபிதாவை எதிர்பார்த்தே கேட்கிறார்கள். வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்பது உண்மையானால் உபாத்தியாயர்களுக்கு எவ்வளவு சௌகரியமாயிருக்கும்! ஆனால் மூளைக்குள் எது போகக் கூடாது என்று கேட்பவர்கள் அரிது.

1979-ஆம் வருஷத்தில் ஹெர்பர்ட் நீடில்மன் என்னும் அமெரிக்க வைத்தியர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். மாஸசூஸெட்ஸ் மாகாணத்துப் பள்ளிக்கூடங்களில் முதல் இரண்டு வகுப்புக் குழந்தைகள் 2,000 பேருக்கு மேற்பட்டவர்களிடமிருந்து, விழுந்த பால் பற்களை வாங்கி, அவற்றில் எவ்வளவு ஈயம் இருக்கிறதென்று பார்த்தார். பல்லில் எவ்வளவு ஈயம் என்பதை அறியாத உபாத்தியாயர்களிடம், இந்தப் பையன் கவனம் சிதறுகிறவனா, சொன்னதைச் செய்கிறவனா, எடுத்த வேலையை முடிக்கிறவனா என்று கேட்டு எழுதி வாங்கினார். பல்லில் ஈயம் ஏற ஏற, உபாத்தியாயரின் குறைகளும் ஏறின. புத்திப் பரீட்சையிலும் ஈயம் மிகுந்த குழந்தைகள் சராசரி சுமார் நாலு புள்ளி பின்தங்கினார்கள். இத்தனைக்கும் அவர்களில் ஒருவரும் நோயாளியாகத் தோன்றவில்லை. எல்லாரும் ஓடியாடி விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகள்.

இதைப் படித்தபோது நம் நெஞ்சு சற்றே துணுக்குற்றது. வருஷந்தோறும் எத்தனை பிள்ளைகளைச் 'சோம்பேறி' என்றும், 'அடங்காதவன்' என்றும் பள்ளிக்கூடங்கள் முடிவு கட்டுகின்றன! அவர்களில் எத்தனை பேருடைய ரத்தத்தை யாராவது சோதித்திருப்பார்கள்? 2020-இல் யூனிஸெஃப் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயமுள்ள குழந்தைகள் உலகத்தில் சுமார் 80 கோடி; நமது தேசத்தில் மட்டும் 27 கோடிக்கு மேல்.

ஈயம் தேகத்துக்குள் புகும் தந்திரம் விசித்திரமானது. அது சுண்ணாம்புச் சத்தின் வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. உடம்பு ஏமாந்து அதை எலும்பிலே சேர்த்து வைக்கிறது. மூளையிலே ஒரு நரம்பு மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பும் இடத்திலும் அது புகுந்து குழப்பம் விளைவிக்கிறது. எலும்பில் தங்கிய ஈயம் பல வருஷம் அங்கேயே இருக்கும். கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பிலிருந்து சுண்ணாம்பு வெளிப்படும்போது இதுவும் வெளிப்பட்டுச் சிசுவைப் போய் அடைகிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் குடல் நாலைந்து மடங்கு அதிகமாக அதை உறிஞ்சுகிறது.

ஆகாரத்தின் முக்கியம் இங்கேதான் தெரிகிறது. தேகத்தில் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்திருந்தால், குடல் அவற்றுக்காக ஏங்கி ஈயத்தையும் வாரி எடுத்துக்கொள்கிறது. வயிறு காலியாயிருந்தால் இன்னும் அதிகம். காலையில் ஒன்றும் தின்னாமல் பள்ளிக்கு ஓடும் ஏழைக் குழந்தைக்கு இவ்வாறு இரட்டை நஷ்டம். கேழ்வரகு, பால், மோர், கீரை, பயறு, கூடவே எலுமிச்சை அல்லது நெல்லிக்காய்—இவை விஷத்தை முறிக்கும் மருந்தல்ல. ஆனால் விஷம் நுழையும் வாசலைக் குறுக்குகின்றன. சாப்பாட்டோடு காப்பியும் தேநீரும் கொடுப்பது இரும்புச் சத்தை ஏறவொட்டாமல் தடுக்கும்.

ஈயம் எங்கிருந்து வருகிறது? பெட்ரோலில் கலந்துவந்த ஈயத்தை 2000-ஆம் வருஷத்தில் நமது தேசம் விலக்கியது. கடைசியாக 2021-இல் அல்ஜீரியாவும் விலக்கியது. ஆயினும் அதற்குமுன் மண்ணில் படிந்தது அழியவில்லை. பழைய பாட்டரிகளை உடைத்து உருக்கும் இடங்களைச் சுற்றியுள்ள மண்ணும் தூசியும் பெரிய அபாயம். வீட்டு வர்ணங்களில் பத்து லக்ஷத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாதென்ற விதி 2017-இல்தான் அமலுக்கு வந்தது. ஆகவே பழைய கதவு ஜன்னல்களின் வர்ணத்தில் அது மிகுதியாக இருக்கக்கூடும். பொங்கலுக்கு வர்ணம் பூசும்போது அவற்றை உலரச் சுரண்டாமல் நனைத்துச் சுரண்டுவதும், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அப்பால் அனுப்பிவிடுவதும், தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பதும் நலம்.

மஞ்சளின் கதை இன்னும் வினோதம். வங்காள தேசத்தில் மங்கின மஞ்சள் கிழங்குக்குப் பளபளப்பு ஏற்ற, ஈயக் குரோமேட் என்னும் மஞ்சள் வர்ணத்தைப் பூசி வந்தார்கள். கிழங்கின் மேலேயே பூசுவதால், "நாங்கள் கடைப்பொடி வாங்குவதில்லை, வீட்டிலேயே அரைக்கிறோம்" என்று பெருமை கொள்பவர்களும் தப்ப முடியாது. 2019-இல் விஞ்ஞானிகள் இதை அம்பலப்படுத்தியதும் சர்க்கார் விழித்துக்கொண்டது. சந்தைகளில் துண்டுப் பிரசுரங்கள் ஒட்டப்பட்டன. கலப்படக்காரர்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. 2019-இல் நூற்றுக்கு 47 மாதிரிகளில் ஈயம் காணப்பட்டது. 2021-இல் ஒன்றில்கூட இல்லை. நம் கடைகளில் கண்ணைப் பறிக்கும் மஞ்சளைக் கண்டால், கொஞ்சம் மங்கலானதைக் கேட்டு வாங்குங்கள்.