'சுற்றுலாவுக்கு வரவில்லை' பட்டியலில் நம் பிள்ளைகள்!

 

கல்வியைப் பற்றி நாம் பேசாத மேடை இல்லை. மாநாடு கூட்டினால் ஒரு கல்வித் தீர்மானம், ஆண்டு விழா என்றால் ஒரு பரிசளிப்பு. ஆனால் கல்வி என்றதும் நம் எண்ணம் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கும் பொறியியல் கல்லூரி இடத்துக்கும்தான் ஓடுகிறது. அதே மஹல்லாவில் மூன்றாம் வகுப்பு படிக்கும் எட்டு வயதுப் பிள்ளை பள்ளியில் என்ன கற்கிறது, எதைப் பார்க்கிறது, எதைத் தொட்டுப் பார்க்கிறது என்று கேட்பவர்கள் எத்தனை பேர்?

பள்ளியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வருகிறது. 'வகுப்புப் பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்கிறோம். பெற்றோர் சம்மதக் கையொப்பம் தேவை' என்கிறது சீட்டு. நம் வீடுகள் பலவற்றில் அதற்குக் கிடைக்கும் பதில் என்ன? "ஊர் சுற்றவா பள்ளிக்கூடம் அனுப்புறோம்? அன்னைக்கு லீவு போட்டுக்கோ!" மறுநாள் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் கண்டதைக் கதைகதையாகச் சொல்லும்போது நம் பிள்ளை வாய் மூடி உட்கார்ந்திருக்கிறது. ஆசிரியை 'நேற்றுப் பார்த்ததை எழுதுங்கள்' என்கிறார். அது எதை எழுதும்?

இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் சிந்திக்க வேண்டும்.

கடற்கரையில் நடந்த பாடம்

1940களின் தொடக்கம். ராமேஸ்வரம் ஆரம்பப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர், பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. 'மனப்பாடம் செய்து வா' என்று அவர் அடிக்கவில்லை. அன்று மாலையே வகுப்பைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். பறவைகள் சிறகடித்து எழும்புவதையும் வாலைத் திருப்பித் திசை மாறுவதையும் கண்முன்னால் காட்டி விளக்கினார். அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தார் படகுக்காரர் ஜைனுலாபுதீன் மரைக்காயரின் மகன் அப்துல் கலாம்.

அந்த மாணவர் விமானப் பொறியியல் படித்தார். 1980 ஜூலையில் ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் நிறுத்திய எஸ்.எல்.வி.3 ராக்கெட்டின் திட்ட இயக்குநராக இருந்தார். 2002ல் குடியரசுத் தலைவரானார். பறக்கும் ஆசை தன் உள்ளத்தில் விழுந்த இடம் அந்தக் கடற்கரைதான் என்று மேடைதோறும் சொன்னார். கலாமின் படத்தை நம் கடைகளில் மாட்டியிருக்கிறோம். அவரை உருவாக்கிய அந்த மாலை நேரப் பாடத்தை நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோமா?

அதற்குச் செலவான தொகை எவ்வளவு? ஒரு பைசா இல்லை! பள்ளியிலிருந்து கடற்கரை வரை நடை, அவ்வளவுதான்.

சுற்றிப் பார்ப்பது நம் மார்க்கத்துக்கு அன்னியமானதா? பூமியில் பயணம் செய்து, படைப்பு எப்படித் தொடங்கியது என்று பார்க்கும்படி திருக்குர்ஆன் ஏவுகிறது. ஒட்டகத்தையும் வானத்தையும் மலைகளையும் பூமியையும் கவனிக்கச் சொல்கிறது. ஏட்டைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல் கண்ணைத் திறந்து உலகைப் பார்க்கச் சொல்லும் வேதத்தையுடைய சமுதாயம், தன் பிள்ளைகளை நான்கு சுவருக்குள் அடைத்து வைப்பது எந்த விதத்தில் நியாயம்?

சட்டம் என்ன சொல்கிறது?

2009ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 29வது பிரிவு, செயல்பாடுகள் மூலமும் தேடிக் கண்டறிவதன் மூலமும் பிள்ளை கற்க வேண்டும் என்கிறது. தமிழகத்தில் அதற்கு முன்பே, 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் பரவியது. 2022ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அட்டை, மணி, பாட்டு, விளையாட்டு என்று அரசுப் பள்ளிப் பிள்ளை கையால் தொட்டுப் படிக்கிறது.

நம் சமுதாயத்தார் நடத்தும் பள்ளிகளின் நிலை என்ன? 2014ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது. நமது நிர்வாக உரிமையைக் காக்கும் தீர்ப்பு என்று மகிழ்கிறோம். சரிதான். ஆனால் உரிமை வந்த கையோடு பொறுப்பும் வருகிறது. சட்டம் கேட்காவிட்டால் நாம் செய்ய மாட்டோமா? நாலு கட்டடம், சீருடை, ஆங்கிலப் பலகை, கை வலிக்க வலிக்க வீட்டுப்பாடம்... இதுதான் தரமான கல்வி என்று பெற்றோரை நம்ப வைத்திருக்கும் நம் தாளாளர்கள் தங்கள் மனசாட்சியைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

2006ல் வெளியான சச்சார் அறிக்கை, நாட்டில் 6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் நான்கில் ஒருவர் பள்ளிக்கே போகாதவர் அல்லது இடையில் நின்றவர் என்று வேதனையான உண்மையைச் சொன்னது. வறுமை முதல் காரணம். ஆனால் பள்ளிக்கூடம் பிள்ளைக்குப் பிடிக்காமல் போவதும் ஒரு காரணம் இல்லையா? சலித்துப்போன பையனைத்தானே நாம் கடையில் உட்கார வைக்கிறோம்?

தமிழகத்தில் 2007ல் 3.5 சதவீத இட ஒதுக்கீடு பெற்றோம். வீதியில் இறங்கிப் பெற்றோம். அந்த இடத்தில் போய் உட்கார வேண்டியவன் இன்று ஆரம்பப் பள்ளியில் இருக்கிறான். அவனை அங்கேயே இழந்துவிட்டால் ஒதுக்கீடு யாருக்கு?

தயங்குவோருக்குச் சில வார்த்தை

'பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது?' என்கிறார்கள். ஆரம்பப் பள்ளிச் சிறுமியை ஆசிரியைகளோடு பகலில் அனுப்பி, மாலையில் அழைத்துக்கொள்வதில் என்ன தடை? சந்தேகம் இருந்தால் வகுப்புத் தாய்மார்களில் இருவர் உடன் செல்லட்டும். அதைப் பள்ளியிடம் கேட்டு வாங்குங்கள்.

'கோயிலுக்குக் கூட்டிப் போவார்களே!' என்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் கட்டடக் கலையைப் பார்ப்பது வேறு, வழிபாட்டில் கலந்துகொள்வது வேறு. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் எந்தப் பள்ளியும் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை வழிபாட்டில் பங்கேற்க வைக்க முடியாது என்று அரசியல் சட்டத்தின் 28வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. உணவு, தொழுகை நேரம் பற்றியும் முன்கூட்டியே தலைமையாசிரியரிடம் கண்ணியமாகப் பேசுங்கள். பேசினால் தீரும் விஷயத்துக்குப் பிள்ளையைத் தடுத்து வைக்காதீர்கள்.

'பாதுகாப்பு?' இது நியாயமான கேள்வி. 2024 ஜனவரியில் குஜராத்தின் வதோதராவில் பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் மாண்டார்கள். அளவுக்கு மீறி ஆளேற்றியதே காரணம் என்ற செய்தி நெஞ்சைப் பிளந்தது. ஆகவே கேளுங்கள்: எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆசிரியர்? வண்டிக்குத் தகுதிச் சான்று உண்டா? படகு உண்டா, உயிர்க்கவசம் உண்டா? கேட்பது பெற்றோரின் உரிமை. கேட்டுவிட்டு அனுப்புங்கள். அல்லது தண்ணீரில்லாத இடத்துக்குப் போகச் சொல்லுங்கள்.

எங்கே அழைத்துச் செல்வது?

தூரம் போக வேண்டியதில்லை. தபால் நிலையத்தில் கடிதம் எப்படிப் பிரிக்கிறார்கள், தீயணைப்பு வண்டியில் தண்ணீர் எங்கே இருக்கிறது, நூலகத்தில் புத்தகம் எப்படி வாங்குவது... இவை எல்லாம் பாடம். காவல் நிலையத்துக்கும் அழைத்துப் போங்கள். 1997, 1998 கோவைச் சம்பவங்களுக்குப் பிறகு காவல் நிலையம் என்றாலே நம் வீடுகளில் அச்சம். அந்தக் கட்டடம் மக்களுடையது, அதற்குள் நிமிர்ந்து நடக்கலாம் என்று பிள்ளைக்கு எட்டு வயதிலேயே தெரியட்டும். நாளைக்கு அவனே அங்கே அதிகாரியாக உட்காரட்டும்!

கொஞ்சம் வெளியூர் போக முடிந்தால் எட்டயபுரம் செல்லுங்கள். பாரதி பிறந்த வீடும், சீறாப்புராணம் தந்த உமறுப்புலவரின் மணிமண்டபமும் ஒரே ஊரில் இருக்கின்றன. தமிழும் இஸ்லாமும் இந்த மண்ணில் எப்படிக் கலந்து வாழ்ந்தன என்று விளக்கத் தனிப் பாடப்புத்தகம் தேவையில்லை. வேலூர்க் கோட்டையில் நின்று 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் வெள்ளையனை எதிர்த்து எழுந்ததையும், திப்பு சுல்தானின் குடும்பம் அங்கே சிறை வைக்கப்பட்டிருந்ததையும் சொல்லுங்கள். வரலாற்றில் நமக்குப் பங்கில்லை என்று சொல்பவனுக்கு அந்தப் பிள்ளையே பிற்காலத்தில் பதில் சொல்லும்.

வணிகப் பெருமக்களே!

உங்கள் கடையே ஒரு வகுப்பறை. மளிகைக் கடையில் கிலோவும் கிராமும், ஜவுளிக் கடையில் மீட்டரும், கல்லாவில் கூட்டலும் கழித்தலும் இருக்கின்றன. பத்தமடையில் கோரை எப்படிப் பாயாகிறது, ஆம்பூரில் தோல் எப்படிச் செருப்பாகிறது என்று காட்டலாம். வியாபாரம் குறைந்த ஒரு காலை நேரத்தில் பக்கத்துப் பள்ளியின் மூன்றாம் வகுப்பை அழையுங்கள். எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் வரட்டும். தராசைத் தொட்டுப் பார்க்கட்டும், ஆளுக்கு ஒரு பேரீச்சம்பழம் வாங்கிப் போகட்டும். சரியாக நிறுப்பது ஈமானின் ஒரு பகுதி என்று அவர்கள் உங்கள் கையைப் பார்த்துக் கற்பார்கள்.

பணம் கட்ட முடியாத பிள்ளைக்கு நீங்கள் கட்டுங்கள். ஜக்காத்தைத் தொட வேண்டாம், ஸதகா போதும். ஒரு திருமண விருந்தில் இலையில் மிஞ்சும் பிரியாணியின் விலையில் ஒரு வகுப்பே வேலூர் போய் வரலாம். ஆனால் யாருக்குக் கட்டினோம் என்பது பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது. தலைமையாசிரியர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளும் ஒரு காரியம் செய்யலாம். பள்ளிவாசலைப் பிள்ளைகளுக்குத் திறந்து காட்டுங்கள். ஹவுள் எதற்கு, மிஹ்ராப் எந்தத் திசை, பாங்கு ஏன் என்று இமாம் அவர்கள் எளிய தமிழில் சொல்லட்டும். எட்டு வயதில் பள்ளிவாசலுக்குள் வந்து உபசாரம் பெற்ற மாற்றுமதப் பிள்ளையை இருபது வயதில் எந்த வெறியனும் எளிதில் தூண்டிவிட முடியாது.

இளைஞர்களே! அடுத்த முறை உங்கள் தம்பி தங்கையின் பையில் அந்தத் துண்டுச் சீட்டைக் கண்டால் வாப்பாவிடம் நீங்கள் பேசுங்கள். கையொப்பம் வாங்கிக் கொடுங்கள். திரும்பி வந்ததும் 'என்ன பார்த்தாய்?' என்று உட்கார்ந்து கேளுங்கள். அந்தப் பிள்ளை சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள்.

வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதைக் கொடுக்கும் மனத்தை நமக்கும் தந்தருள்வானாக!