பெயர்ப்பலகை ஹவுஸ் ஓனர் கையில்

மயிலாப்பூரிலோ தி.நகரிலோ வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். புது எண் 14, பழைய எண் 31 என்று கேட்டில் இரண்டும் எழுதியிருக்கும். எண்ணை நம்பிப் பிரயோஜனமில்லை, பெயர்ப்பலகையைப் பார்த்தால்தான் நிச்சயம். அந்த வீட்டில் ஒரு போர்ஷனில் குடியிருப்பவர் வாசலில் பலகை மாட்ட வேண்டுமென்றால் ஹவுஸ் ஓனர் சம்மதிக்க வேண்டும். சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருக்கும் சின்ன அலுவலகங்களின் கதையும் இதேதான்.

டி.என்.எஸ். என்றால் பெயரைக் கொடுத்து ஐ.பி. எண்ணை வாங்குவது என்பது எல்லோருக்கும் தெரியும். இதற்கு ஒரு தலைகீழ் வேலையும் உண்டு: எண்ணைக் கொடுத்து பெயரைக் கேட்பது. இதுதான் ரிவர்ஸ் டி.என்.எஸ். 203.0.113.25 என்ற எண்ணைத் திருப்பிப் போட்டு, 25.113.0.203 என்று எழுதி, பின்னால் 'இன்-ஆடர்.ஆர்ப்பா' என்று ஒட்டிக் கேட்டால், பி.டி.ஆர். என்ற பதிவு பெயரைச் சொல்லும். (இந்த எண் உதாரணம் காட்டவென்றே ஒதுக்கி வைத்தது, யாரும் தேடிப் போக வேண்டாம்.)

ஒரு மெயில் வந்து கதவைத் தட்டியதும், பெறுகிற சர்வர் அனுப்பியவரின் எண்ணுக்கு என்ன பெயர் என்று கேட்கிறது. கிடைத்த பெயரை மறுபடி எண்ணாக மாற்றிப் பார்க்கிறது. இரண்டும் பொருந்தினால் முதல் சந்தேகம் தீர்ந்தது. பெயரே இல்லையென்றால் பல இடங்களில் வாசலோடு சரி. அதற்கென்றே 2014ல் ஒரு பிழை எண்ணும் கொடுத்தார்கள்: 5.7.25.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? 2004 ஜனவரியில் மைடூம் வந்தது ஞாபகமிருக்கலாம். வைரஸ் பிடித்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தபால் நிலையமாக மாறி எரிதங்களைக் கொட்டின. அப்படிப்பட்ட இணைப்புகளுக்குப் பெரும்பாலும் பி.டி.ஆர். இருக்காது. இருந்தாலும் எண்களையே கோர்த்த ஒரு பொதுப்பெயர்தான் இருக்கும். ஆகவே பெயரைப் பார்த்து வடிகட்டுவது மலிவான வழியாகிவிட்டது. கூகுள் 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்கும், தினம் பத்து மெயில் அனுப்புகிறவருக்கும்கூட, இதைக் கட்டாயமாக்கியது. அதைக் குறை சொல்வதற்கில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. டொமைன் பெயரை வாங்கியவர் அதன் டி.என்.எஸ். பதிவுகளை இஷ்டப்படி எழுதிக்கொள்ளலாம். எஸ்.பி.எஃப்., டிகிம் எல்லாம் அவர் கையில். பி.டி.ஆர். மட்டும் அவர் கையில் இல்லை. அது எண்ணுக்குச் சொந்தக்காரருடையது, அதாவது இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்துடையது. ஆசிய-பசிபிக் வட்டாரத்துக்கு எண்களைப் பிரித்துக் கொடுப்பது ஆப்னிக். இந்தியாவுக்குள் 2012 முதல் ஐரின் என்ற பதிவகமும் உண்டு. இவர்களிடமிருந்து மொத்தமாக வாங்கி, நிறுவனங்கள் சில்லறையில் கொடுக்கின்றன. ரிவர்ஸ் மண்டலம் மொத்த வியாபாரியிடமே தங்கிவிடுகிறது.

1995 ஆகஸ்ட் 15ல் வி.எஸ்.என்.எல். சென்னையில் பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தபோது இது ஒரு பிரச்சினையே இல்லை. சந்தாதாரரின் அஞ்சல்பெட்டி வி.எஸ்.என்.எல். கம்ப்யூட்டரிலேயே இருந்தது, பலகையும் அவர்கள் பாடு. நிலையான எண் வாங்கி அலுவலகத்திலேயே சர்வர் வைத்தவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தி.நகர் ஜவுளிக்கடை, மயிலாப்பூர் ஆடிட்டர், அடையாறில் நாலு பேர் சேர்ந்து நடத்தும் மென்பொருள் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் பணம் கட்டியும் பி.டி.ஆர். மாற்றச் சொன்னால், கால் சென்டரில் இருப்பவர் மோடத்தை அணைத்துப் போடச் சொல்வார்! அவரைத் திட்டியும் புண்ணியமில்லை, அவருக்குக் கொடுத்த தாளில் அந்த வார்த்தையே இருக்காது. இதற்கிடையில் ஆடிட்டர் அனுப்பிய கணக்கு, கெடு தேதி முடிந்த பிறகும் வாடிக்கையாளரின் ஸ்பாம் பெட்டியில் தூங்கும். திரும்பி வந்த மெயிலாவது காரணம் சொல்லும்; ஸ்பாமுக்குப் போனது எதுவும் சொல்லாது.

தொழில்நுட்பம் கடினம் என்று நிறுவனங்கள் சாக்குச் சொல்ல முடியாது. ரிவர்ஸ் மண்டலத்தை 256 எண்களாகத்தான் சுலபமாகப் பிரிக்க முடியும், எட்டு எண் வாங்கியவருக்கு எப்படித் தருவது என்பது பழைய கேள்வி. அதற்கு 1998லேயே ஆர்.எஃப்.சி. 2317 வழி சொல்லிவிட்டது. ஒரே ஓர் எண்ணென்றால் அதுகூட வேண்டாம், ஒரு வரி எழுதினால் போதும். மாதம் சில நூறு ரூபாய்க்கு வாடகை சர்வர் விற்கும் பல நிறுவனங்கள் இந்த வரியை வாடிக்கையாளரே மாற்றிக்கொள்ள விட்டிருக்கின்றன. அதைவிடப் பல மடங்கு பணம் வாங்கும் லீஸ்டு லைனில் ஏன் முடியாது?

"எதுக்குப்பா இந்த வம்பு, கூகுளுக்கோ மைக்ரோசாஃப்டுக்கோ போயிடு" என்பார்கள். தாராளமாகப் போகலாம், ஸோஹோ என்று நம்ம ஊர்க் கம்பெனியே இருக்கிறது. ஆனால் விரும்பிப் போவது வேறு, ஒரு வரிப் பதிவு கிடைக்காததால் துரத்தப்பட்டுப் போவது வேறு. யார் வேண்டுமானாலும் ஒரு சர்வரை நிறுத்தி யாருக்கு வேண்டுமானாலும் கடிதம் போடலாம் என்பதுதான் மின்னஞ்சலின் பலமே. பெயர்ப்பலகை கிடைக்காமல் ஒவ்வொருவராகக் காலி செய்தால் நாலு பெரிய வீடுகள்தான் மிஞ்சும்.

எனவே நிலையான எண் விற்கிறவர்கள் பி.டி.ஆரையும் சேர்த்தே விற்க வேண்டும், தனிக் கட்டணம் இல்லாமல், விண்ணப்பப் படிவத்திலேயே ஒரு கட்டம் போட்டு. அது வரும்வரை வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்வி கேட்கட்டும்: பி.டி.ஆர். யார் எழுதுவார்கள், எத்தனை நாளில், எண் மாறினால் மறுபடி யார் பொறுப்பு? பதிலை மெயிலில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. இணைப்பு வந்த அன்றே 'டிக்' கட்டளையில் மைனஸ் எக்ஸ் போட்டு, தங்கள் எண்ணைத் தட்டிப் பார்க்கட்டும். சொந்த சர்வரின் பெயர் வந்தால் சரி. எண்களைக் கோர்த்த பொதுப்பெயரோ வெறும் மௌனமோ வந்தால், முதல் மாத பில் கட்டுமுன் புகார் எண் வாங்கிவிட வேண்டும்.