எதிராளி அச்சிட்ட இலக்கணம்

சபை இரண்டுபட்டது, ஆலயக் கதவில் ஆளுக்கொரு பூட்டுத் தொங்குகிறது, விவகாரம் கோர்ட்டுக்குப் போய்விட்டது என்கிற செய்திகளைப் படிக்கும் செந்துறைப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள், தங்கள் அரியலூர் மாவட்டத்திலேயே இருக்கும் ஏலாக்குறிச்சியை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். அங்கே அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பிய கத்தோலிக்கக் குரு வீரமாமுனிவர் ஒன்றும் சாந்தசொரூபி அல்லர்; தரங்கம்பாடி லுத்தரன்களைச் சாடி ‘பேதகம் மறுத்தல்’, ‘லுத்தேரினத்தியல்பு’ என்று நூல்களே எழுதியவர். அவர்களும் சும்மா இருக்கவில்லை, பதிலுக்குப் பதில் எழுதினார்கள். ஆனால் பேச்சுத் தமிழுக்கு அவர் லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் அச்சேறியது எங்கே தெரியுமா? அதே தரங்கம்பாடியில், அதே லுத்தரன் மிஷன் அச்சகத்தில்! தமிழ் கற்க அவர்களுக்கும் அந்தப் புத்தகம் தேவைப்பட்டது, அவ்வளவுதானே என்று சிலர் உதட்டைப் பிதுக்கக்கூடும். இருக்கட்டுமே, திட்டியவரிடம் சரக்கு இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளவும் ஒரு மனசு வேண்டும். கொள்கைச் சண்டை அதனால் தீர்ந்துவிடவில்லை. நீதிமானாக்கப்படுதல் குறித்த கூட்டு அறிக்கையில் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் ஆக்ஸ்பர்க் நகரில் கையெழுத்திட 1999 அக்டோபர் 31 வரை ஆயிற்று. இன்றைய தகராறுகள் பலவற்றில் வேதப் பொருளுக்கு அந்த இடம்கூட இல்லை. சபைத் தேர்தல், நிலம், பள்ளிக்கூட நிர்வாகம் என்றே ஓடுகிறது. அதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும். தீர்ப்பு வரும்வரை இரு தரப்புப் பெரியவர்களும் ஒன்றே ஒன்று செய்யலாம்: கல்லறைத் தோட்டத்தின் சாவியைப் பொதுவில் வையுங்கள், யார் வீட்டுச் சாவானாலும் இரு பக்கத்தாரும் போய் நில்லுங்கள்.