கடற்காளானும் நம்முடைய பொய்ச்சாட்சியும்



சிலுவையண்டையில் காடியில் தோய்க்கப்பட்ட கடற்காளானை அறிவீர்கள். அது காளானன்று, கடற்பஞ்சு என்னும் விலங்கு. ‘ஆதிக் கடற்பஞ்சுகளுக்குப் புதைபடிவம் இல்லை, ஆகவே விஞ்ஞானம் பொய், தேவன் மெய்’ என்று நம்மவர் சிலர் வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள்.

இடைவெளி இருந்தது மெய்யே. மரபணுக் கணக்கு ஏறத்தாழ 70 கோடி ஆண்டுகளைச் சுட்டியது. ஐயமற்ற படிவங்களோ சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவையே. முதல் கடற்பஞ்சுகளுக்குக் கடினமான முட்கள் இல்லாதிருக்கலாம். மென்னுடல் அழுகினால் கல்லில் என்ன எஞ்சும்? 2024-இல் சீனாவின் யாங்சிப் பள்ளத்தாக்கிலிருந்து, அத்தகைய முட்களற்ற, 55 கோடி ஆண்டுப் பழைமையான கடற்பஞ்சு ஒன்று அறிவிக்கப்பட்டது. இடைவெளி சுருங்குகிறது. அதற்குள் தேவனை ஒளித்துவைத்தவர்கள் இனி அவரை எங்கே வைப்பார்கள்? வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவருக்கு இத்தனை சிறிய பொந்தா?

இது தூரதேசத்துக் காரியமுமன்று. உளுந்தூர்பேட்டைக்குத் தெற்கே அரியலூர் வட்டாரப் பாறைகள் பழங்கடலின் படிவங்கள் நிறைந்தவை. தென்னிந்தியப் படிவங்களை ஆராய்ந்த ஸ்டோலிஸ்கா, 1873-இல் பவளங்களோடு கடற்பஞ்சுகளையும் குறித்துவைத்தார்.

தேவனுடைய பட்சத்தில் நிற்பதாக எண்ணிப் பொய் பேசிய சிநேகிதரை யோபு எவ்வாறு கடிந்துகொண்டான் என்பதை 13-ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள். வாசித்தபின், அச்செய்தியை அனுப்பியவர்கள் அதே குழுவில் திருத்தத்தையும் அனுப்புங்கள்.